வெந்நீருக்கு ஹீட் பம்பா, சாண எரிவாயுவா? வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் கதகதப்பாக வைக்க மின்சார ஹீட் பம்ப் நல்லதா, சாணம், குப்பை போன்றவற்றிலிருந்து எடுக்கும் புதுப்பிக்கத்தக்க எரிவாயு நல்லதா என்று குளிர்நாடுகளில் பெரிய விவாதமே நடக்கிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு திருவொற்றியூருக்கு வருவதுதான் முதல் தவறு. இங்கே மார்கழியிலும் மின்விசிறி சுற்றும். நமக்குச் சூடு வேண்டியது அடுப்பிலும் குளியலறையிலும்தான். விடுதி, மருத்துவமனை என்றால் நாள் முழுக்க வெந்நீர் வேண்டும்.

கீசரும் ஹீட் பம்பும் மின்சாரத்தில்தானே ஓடுகின்றன என்று இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் அதிகம். கீசர் மின்சாரத்தையே வெப்பமாக்குகிறது. ஹீட் பம்ப், ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் இறக்குகிறது. 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற சுமார் 3.5 யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் அத்தனையையும் மீட்டரில் ஏற்றிவிடும். ஹீட் பம்புக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு இது சின்ன வித்தியாசமல்ல.

அத்திப்பட்டில் நிலக்கரி எரித்து வரும் மின்சாரத்தில் என்ன பசுமை என்று கேட்பார்கள். மொட்டைமாடியில் சாம்பல் கூட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த 100 லிட்டருக்குக் கீசர் 2.5 கிலோ கக்குகிறது. ஹீட் பம்ப் 0.8 கிலோ. இயற்கை எரிவாயுவில் காய்ச்சினாலும் கிட்டத்தட்ட அதே 0.8 தான். இன்றைக்குச் சமம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக ஹீட் பம்பின் கணக்கு இறங்கும். எரிவாயுவின் கணக்கு அசையாது.

குழாயில் வருவது சாண எரிவாயு என்றால் நல்லதுதான். ஆனால் 2019 முதல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்குவது கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயு, நிலத்தடியிலிருந்து எடுத்ததுதான். நகர எரிவாயுவில் சாணம், கழிவிலிருந்து எடுத்த உயிரி எரிவாயு கலக்க வேண்டிய கட்டாய அளவு 2025-26இல் ஒரு சதவீதம், 2028-29இல் ஐந்து. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைப் பார்த்தால் வாயுவுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். கணக்கு வேறு: ஒரு கிலோ சமையற்கழிவு தருகிற வாயு ஒரு வாளி வெந்நீரோடு தீர்ந்துவிடும். அதை அடுப்புக்கும், ஹீட் பம்பால் எட்ட முடியாத சூடு கேட்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் விட்டுவிடலாம். இரண்டு வகை எரிவாயுவிலும் முக்கியமாக இருப்பது மீத்தேன்; கசிந்தால் அது 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றும். சாணத்தில் பிறந்ததென்று அதற்குச் சலுகை கிடையாது.

பொருத்தும்போது நடக்கும் தவறுகள் தனி ரகம். தண்டையார்பேட்டையில் என் அத்தை வீட்டில், பொருத்த வந்தவர் இயந்திரத்தைத் துணி காயப்போடும் பால்கனியில் வைத்து, மழைக்குப் பாதுகாப்பு என்று சுற்றிலும் தகரம் அடித்துவிட்டுப் போனார். அது தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்தது. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கீழே வைத்த பெயின்ட் வாளியோ இயந்திரம் சொட்டிய நீரால் விடிவதற்குள் நிரம்பிவிட்டது. "வெந்நீர் கேட்டேன், பால்கனிக்கு ஏசி போட்டுத் தந்திருக்கிறாய்" என்றார் அத்தை. தகரத்தைக் கழற்றிய அன்றே சரியானது. சொட்டுநீருக்கு ஒரு குழாய் மட்டும் இழுத்தோம்.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று இயந்திரத்தின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். பூச்சு உள்ள தகடா என்று கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்வெல் தண்ணீரை நேரடியாக விட்டால் உள்ளே உப்பு படியும்.

கீசர் பழக்கத்தில் 15 லிட்டர் தொட்டி தேடுவதும் வீண். ஹீட் பம்ப் மெதுவாகத்தான் காய்ச்சும். பெரிய தொட்டியும் இரண்டு மூன்று மணி நேரமும் வேண்டும். ராயபுரத்து ஒண்டுக் குடித்தனத்தில் அதற்கு இடம் ஏது? அங்கே ஆளுக்கொன்று வாங்காமல், வீட்டுக்காரரிடம் பேசி மொட்டைமாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வைக்கச் சொல்லலாம். மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.