ஃபீட் ரீடர்: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல தளங்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் செயலிதான் ஃபீட் ரீடர். அதை ஆர்வத்தோடு நிறுவிவிட்டு ஒரே மாதத்தில் கைவிடுபவர்கள் பலர். எழுதியது வந்து சேருவதில்லை, வந்ததே திரும்பத் திரும்ப வருகிறது, ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதால் திறக்கவே மனம் வருவதில்லை: காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். மூன்றையுமே தவிர்க்கலாம். அதற்கு ஃபீட், அதாவது செய்தியோடை, எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்தியோடை என்பது தளத்தின் சர்வரில் இருக்கும், எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் எழுதிய ஒரு கோப்பு. ஒவ்வோர் இடுகைக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. தலைப்பு, இணைப்பு, தேதி, முழு உரை அல்லது சுருக்கம், கூடவே அந்த இடுகைக்கென்று ஓர் அடையாளக் குறி ஆகியவை அந்தப் பகுதியில் இருக்கும். புதிதாக ஒன்று எழுதினால் மேலே ஏறும், அடியில் இருக்கும் பழையது ஒன்று கழன்றுவிடும். வலைப்பதிவு நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் வழக்கமாக 10 இடுகைகளை வைத்திருக்கும், கூகுளின் பிளாகர் 25, யூடியூப் சேனல் ஓடை 15 வீடியோக்கள். பொதுவாகத் தளம் உங்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. ரீடர்தான் அவ்வப்போது போய் அந்தக் கோப்பை எடுத்துவந்து, இதுவரை பார்க்காத அடையாளக் குறி இருந்தால் அதைப் புதியதாகக் காட்டுகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்த ஏற்பாடு தெரியாததால் வருபவை.

ஓடை இல்லை என்று முடிவு கட்டுவது

தளத்தில் ஓடையைக் குறிக்கும் ஆரஞ்சு நிறச் சின்னம் இல்லையென்றால் ஓடையும் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சின்னம் போன தளங்களில்கூடப் பெரும்பாலும் ஓடை அப்படியேதான் இருக்கிறது. உலாவிகளும் இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டன. ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு, ஓடையைப் படிக்கும்படி காட்டும் முன்னோட்டத்தை நீக்கியது. ஓடை முகவரியை இப்போது உலாவியில் திறந்தால் பெரும்பாலும் வெறும் குறியீடுதான் தெரியும். எதுவும் கெட்டுவிடவில்லை. மேலே இருக்கும் முகவரியை நகலெடுத்து ரீடரில் ஒட்டினால் போதும்.

முதலில் தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் ரீடரில் கொடுத்துப் பாருங்கள். நல்ல ரீடர் ஓடையைத் தானே தேடி எடுக்கும். எடுக்காவிட்டால், கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல்-யு அழுத்துங்கள். மூலக்குறியீடு தெரியும். அதில் ஓடையின் இரு வடிவங்களான ‘ஆர்எஸ்எஸ்’ அல்லது ‘ஆட்டம்’ என்பதை ஆங்கில எழுத்தில் தேடினால் ஓடை முகவரி பக்கத்தின் தலைப்பகுதியிலேயே கிடைக்கும். வேர்ட்பிரஸ் என்று தெரிந்தால் தேடவே வேண்டாம். முகப்பு முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஆங்கிலத்தில் ‘ஃபீட்’ என்ற சொல்லும் சேர்த்தால் ஓடை. பிளாகரில் ‘ஃபீட்ஸ்’, ‘போஸ்ட்ஸ்’, ‘டிஃபால்ட்’ என்ற மூன்று சொற்களை இதே வரிசையில் சாய்கோடிட்டுச் சேர்க்க வேண்டும். மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்தின் கணக்கு என்றால் அதன் முகவரியோடு ஒரு புள்ளியும் ‘ஆர்எஸ்எஸ்’ என்பதும்.

யூடியூப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சேனல் முகவரியை ஒட்டினாலே பல ரீடர்கள் ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காதபோது, ‘அட்’ குறியோடு தொடங்கும் சேனல் பெயரை ஓடை முகவரியில் போட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே சேனலின் ஐடி வேண்டும். சேனல் பக்கத்தில் விவரக் குறிப்பைத் திறந்தால் சேனலைப் பகிரும் பொத்தான் இருக்கும். அதற்குள் ஐடியை நகலெடுக்க வழி உண்டு. ஆங்கில யு, சி என்று தொடங்கும் 24 எழுத்துகள் அவை. யூடியூப் முகவரிக்குப் பின் சாய்கோடிட்டு ‘ஃபீட்ஸ்’, மறுபடி சாய்கோடிட்டு ‘வீடியோஸ்’, புள்ளி, ‘எக்ஸ்எம்எல்’, கேள்விக்குறி, ‘சேனல்’ என்பதையும் ‘ஐடி’ என்பதையும் அடிக்கோட்டால் இணைத்து ஒரு சமக்குறி, அதன் பின் அந்த 24 எழுத்துகள். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். ஐடியில் மட்டும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக் கூடாது.

வேறு ஓடையில் சேர்ந்துவிடுவது

இது கண்ணில் படாத தவறு. வேர்ட்பிரஸ் தளத்தில் இடுகைகளுக்கு ஓர் ஓடையும் மறுமொழிகளுக்கு ஓர் ஓடையும் உண்டு. போதாததற்கு ஒவ்வோர் இடுகைக்கும் வரும் மறுமொழிகளுக்குத் தனியாக ஒன்று இருக்கும். ஒரு கட்டுரையைப் படித்துப் பிடித்துப்போய் அந்தக் கட்டுரையின் முகவரியையே ரீடரில் ஒட்டினால், சில ரீடர்கள் அந்த ஒரு கட்டுரையின் மறுமொழி ஓடையை எடுத்துக்கொள்ளும். முதலில் நாலைந்து மறுமொழிகள் தெரியும், பிறகு நிரந்தர மௌனம். எழுதுபவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார், உங்களுக்குத்தான் தெரியாது. ஆகவே எப்போதும் முகப்பு முகவரியைக் கொடுங்கள். சேர்த்ததும், ரீடரில் மேலே இருக்கும் தலைப்பும் தளத்தில் மேலே இருக்கும் தலைப்பும் ஒன்றா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஆர்எஸ்எஸ், ஆட்டம் என்று இரண்டு வடிவம் காட்டினால் எதை எடுத்தாலும் சரி. இரண்டையும் சேர்த்தால் எல்லாம் இரண்டிரண்டாக வரும்.

முதல் நாளே எல்லாவற்றையும் அள்ளிப் போடுவது

நாளுக்கு 100 செய்தி போடும் ஒரு செய்தித் தளத்தைச் சேர்த்தால் வாரத்துக்கு 700. மாதம் இரண்டு கட்டுரை எழுதும் ஒருவர் அந்தக் குவியலுக்கு அடியில் காணாமல் போவார். ஆனால் ரீடரால் உண்மையான லாபம் அந்த இரண்டு கட்டுரைக்காரரால்தான். அவர் எப்போது எழுதுவார் என்று தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. நாளுக்கு நூறு எழுதுபவரை எப்போது போனாலும் பார்க்கலாம். முதல் மாதம் 10 அல்லது 15 ஓடைகள் போதும். அவற்றில் பெரும்பாலானவை அரிதாக எழுதுபவர்களுடையதாக இருக்கட்டும்.

செய்தி வேண்டும் என்பவர்கள் பிரிவு ஓடையைத் தேடுங்கள். தி இந்து போன்ற நாளிதழ்கள் பிரிவு வாரியாக ஓடை தருகின்றன. முழுத் தளத்தையும் எடுக்காமல் தமிழ்நாட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்தாலே சுமை நிறையக் குறையும். வேர்ட்பிரஸ் தளத்திலும் பகுப்பு, குறிச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஓடை உண்டு. அந்தப் பக்கத்தின் முகவரியோடு அதே ‘ஃபீட்’ சேர்த்தால் கிடைக்கும்.

ரீடரில் ஓடைகளை அடுக்குகளாக (ஃபோல்டர்) வைக்கலாம். அவற்றைப் பொருள் வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்வது. அரசியல், சமையல், தொழில்நுட்பம் என்று அழகாக இருக்கும், ஆனால் இன்று எதைத் திறப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. ‘விடக் கூடாதவை’, ‘வாரக் கடைசி’, ‘தலைப்பை மட்டும் பார்ப்பவை’ என்று மூன்றாகப் பிரித்தால் நேரம் குறைவான நாளிலும் முதல் அடுக்கை முடித்துவிடலாம்.

படிக்காதவற்றின் எண்ணிக்கையைக் கடன்போல நினைப்பதும் ரீடரைக் கைவிட வைக்கும் காரணம். ரீடரின் அமைப்பில் ஐகான் மேல் வரும் எண்ணை அணைத்துவிடுங்கள், அறிவிப்புகளையும் அணையுங்கள். பல ரீடர்களில் ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு முந்தையதை மட்டும் படித்ததாகக் குறிக்கும் வசதி இருக்கிறது. மூன்றாம் அடுக்குக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். இடுகை எங்கும் போய்விடாது, தளத்தில் இருக்கும்.

கருவியிலா, சர்வரிலா என்று பார்க்காமல் ரீடரைத் தேர்ந்தெடுப்பது

ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஆப்பிள் கருவிகளில் நெட்நியூஸ்வயர், கணினியில் தண்டர்பேர்ட் போன்றவை உங்கள் கருவியிலிருந்தே ஓடையைப் போய் எடுப்பவை. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை, நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்ற பட்டியல் எந்த ரீடர் சேவையிடமும் போவதில்லை. ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்ப்ளர், ஃபீட்பின் போன்றவற்றில் அவர்களுடைய சர்வர் இரவும் பகலும் எடுத்துவைக்கும். நீங்கள் திறந்து படித்தால் போதும்.

வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு தளம் நாளுக்கு 40 இடுகை போடுகிறது, ஓடையில் 10 மட்டுமே இருக்கிறது. 6 மணி நேரத்தில் கோப்பு முழுவதும் மாறிவிடும். இரவு 10 மணிக்கு மூடிய மடிக்கணினியை மறுநாள் காலை 8 மணிக்குத் திறந்தால், இடையில் வந்து போன ஆறேழு இடுகைகள் உங்கள் ரீடருக்கு வரவே வராது. பிழைச் செய்தியும் வராது. மாதம் ஒன்றிரண்டு எழுதுபவரிடம் இந்த ஆபத்து இல்லவே இல்லை, 10 இடுகை கழல அவருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆக, வலைப்பதிவுகள் மட்டும் படிப்பவருக்குக் கருவியில் ஓடும் ரீடரே போதுமானது. அடிக்கடி மாறும் தளங்களை விடாமல் தொடர வேண்டியவருக்குச் சர்வர் வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் இன்னொரு தடை உண்டு. பேட்டரியைச் சேமிக்க, பின்னணியில் ஓடும் செயலிகளை போன் நிறுத்திவிடும். ரீடரைத் திறந்தால்தான் புதியது வருகிறது என்றால் இதுதான் காரணம். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

சர்வர் வகையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தாதாரர் குறைவான ஓடைகளைச் சில சேவைகள் இலவசக் கணக்குகளுக்கு அரிதாகவே போய்ப் பார்க்கும். ஒருவர் இருவர் மட்டும் தொடரும் தமிழ் வலைப்பதிவு பல மணி நேரம் கழித்து வந்தால் பதற வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்வது

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் போன்ற ரீடர்களைச் சொந்தச் சர்வரில் நிறுவுபவர்கள் விரும்பிச் செய்யும் தவறு இது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஓர் ஓடைக்கு நாளில் 288 முறை. ஒழுங்கான ரீடர் ‘போன முறைக்குப் பிறகு மாறியிருக்கிறதா’ என்று கேட்கும், மாறவில்லை என்றால் தளம் 304 என்ற பதிலோடு கோப்பை அனுப்பாமல் முடித்துக்கொள்ளும். ஆனாலும் எல்லாத் தளமும் அப்படி அமைக்கப்படவில்லை. பல தளங்கள் முழுக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் அனுப்பும், ஒரு கட்டத்தில் 429, அதாவது ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’, என்று பதில் சொல்லி உங்களைத் தடுத்துவிடும். தடை நீங்கும்வரை எதுவுமே வராது. மணிக்கு ஒருமுறை தாராளம். வாரம் ஒருமுறை எழுதுபவருக்கு நாளுக்கு இருமுறை போதும்.

செத்த ஓடையைக் கவனிக்காமல் இருப்பது

ஓடை நின்றுபோனால் ரீடர் கூச்சல் போடாது. எழுதுவதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று நீங்களே நினைத்துக்கொள்வீர்கள். தமிழ் வலைப்பதிவுகளில் இது மிக அதிகம். பிளாகரின் பிளாக்ஸ்பாட் முகவரியில் பல ஆண்டுகள் எழுதிவிட்டுச் சொந்தத் தளத்துக்குப் போனவர்களின் பழைய ஓடை இன்னும் உயிரோடு இருக்கும். பிழை ஏதுமில்லாமல் அதே பழைய 25 இடுகைகளைக் காட்டிக்கொண்டிருக்கும். ரீடருக்கு அதில் குறை எதுவும் தெரியாது. ‘டாட் இன்’ என்று முடியும் பிளாக்ஸ்பாட் முகவரிகள் வேறு கதை. 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையைவிட்டுப் போய், அப்படிச் சேமித்திருந்த முகவரிகள் வேலை செய்யாமல் போயின. பழைய பட்டியலில் அவை இருந்தால் ‘இன்’ என்பதை ‘காம்’ என்று மாற்றினால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீடரின் ஓடைப் பட்டியலைக் கடைசியாக இடுகை வந்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். ஆறு மாதமாக அசையாதவற்றின் தளத்தைத் திறந்து பாருங்கள். எழுதவில்லை என்றால் அப்படியே விடுங்கள், அதனால் ஒரு செலவும் இல்லை, ஒருநாள் திரும்ப எழுதினால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். தளம் இடம் மாறியிருந்தால் புதிய முகவரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. ஒருநாள் காலையில் ஒரே தளத்தின் பழைய இடுகைகள் எல்லாம் புதியவைபோல வந்து நிற்கும். தளக்காரர் முகவரி அமைப்பையோ மென்பொருளையோ மாற்றியதில் அடையாளக் குறிகள் மாறியிருக்கும். அந்த ஓடையை மட்டும் முழுதாகப் படித்ததாகக் குறித்துவிட்டுத் தொடருங்கள், சந்தாவை நீக்க வேண்டாம்.

சுருக்கம் மட்டும் வரும் ஓடைகளுக்கு, முழு உரையை எடுத்துக் காட்டும் வசதி ஃபீடர், நெட்நியூஸ்வயர் உட்படப் பல ரீடர்களில் ஓடை வாரியாகவே இருக்கிறது. நீங்கள் வலைப்பதிவு எழுதுபவராகவும் இருந்தால் வேர்ட்பிரஸ்ஸின் வாசிப்பு அமைப்புகளுக்குப் போய் ஓடையில் முழு உரை வரும்படி மாற்றிவிடுங்கள். இரண்டு வரியைக் காட்டி வாசகரைத் தளத்துக்கு இழுக்க நினைப்பது, ரீடரில் படிப்பவர்களை மெல்ல மெல்ல இழப்பதில்தான் முடியும்.

பட்டியலைச் சேமிக்காமல் விடுவது

கூகுள் ரீடர் 2013 மார்ச்சில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு ஜூலை 1 அன்று மூடப்பட்டது. உலகெங்கும் அதை நம்பியிருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்றரை மாதம். பெரும்பாலான ரீடர்களில் ஏற்றுமதி என்று ஒன்று இருக்கும், அது ஓபிஎம்எல் என்ற கோப்பைத் தரும். ஓடைகளின் பெயர், முகவரி, அடுக்கு ஆகியவை அதில் இருக்கும். நட்சத்திரமிட்டு வைத்த இடுகைகளும் எது படித்தது எது படிக்காதது என்ற விவரமும் பொதுவாக அதில் இருக்காது. இதை அறியாமல் ரீடர் மாறுபவர்கள் சேமித்துவைத்த கட்டுரைகளை எல்லாம் இழக்கிறார்கள். முக்கியமானவற்றின் இணைப்பைத் தனியாக வேறிடத்தில் குறித்துவையுங்கள்.

ஓபிஎம்எல் கோப்பை நண்பர்களுக்கு அனுப்பும் வழக்கம் நல்லது. ஆனால் அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கட்டணச் சந்தா பாட்காஸ்ட், உறுப்பினர்களுக்கான பதிவு போன்றவற்றின் ஓடை முகவரியில் உங்களுக்கென்று ஒரு நீண்ட ரகசியக் குறி சேர்ந்திருக்கும். அந்த முகவரி கையில் இருப்பவர் யாரானாலும் உங்கள் பெயரில் அதைப் படிக்கலாம், கேட்கலாம். அந்த வரிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், சந்தா தரும் தளத்தில் முகவரியைப் புதிதாக உருவாக்கும் வசதியைத் தேடிப் பழையதைச் செல்லாததாக்குங்கள்.

ஏற்றுமதி செய்த கோப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதையும் சோதித்துவிடலாம். கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, ஓடைகளுக்கென்று ஒரு கணக்கு உருவாக்கி, கோப்பை அதில் இறக்குமதி செய்யுங்கள். அடுக்குகளும் ஓடைகளும் எண்ணிக்கை குறையாமல் வந்து நின்றால் அந்தக் கோப்பை நம்பிச் சேமித்துவைக்கலாம். தண்டர்பேர்டிலிருந்து அந்தக் கணக்கைப் பிறகு நீக்கிவிட்டாலும் உங்கள் ரீடருக்கு ஒன்றும் ஆகாது.