டெக்ஸ்ட்ரோஸில் கலங்கிய ஃபெனிட்டாயின்

வலிப்பு வந்த நோயாளிக்கு ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை ஏற்ற வேண்டும். அவர் கையில் ஏற்கெனவே 5% டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து அந்த இணைப்பில் நுழைந்ததும் குழாய்க்குள் பால் போல ஒரு கலங்கல். வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள்.

உடனே நிறுத்தினோம். கலங்கியதைச் சலைன் (உப்பு நீர்) விட்டுத் தள்ளினால் படிகம் ரத்தத்துக்குள்தான் போகும். அதனால் குழாய் முழுவதையும் மாற்றினேன்.

ஃபெனிட்டாயின் தண்ணீரில் லேசில் கரையாது. புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான், ஆல்கஹால், பி.எச். (அமில-கார அளவு) 12 அளவிலான காரத்தன்மை, இவைதான் அதைக் கரைசலாக வைத்திருக்கின்றன. டெக்ஸ்ட்ரோஸ் அமிலப் பக்கம் சாய்ந்தது. பி.எச். இறங்கியதும் மருந்து படிகமாக வெளியே வந்துவிடுகிறது. இதில் எனக்குப் பெரிய கவலை, நோயாளிக்கு வேண்டிய அளவு மருந்தும் போய்ச் சேராது என்பதுதான்.

அப்புறம் 0.9% சலைனில், மில்லிக்கு 5 மி.கிராமுக்குக் குறையாமல் கலந்தோம். குழாயில் 0.22 மைக்ரான் வடிகட்டி. கலந்த கையோடு ஏற்றத் தொடங்கி, நிமிடத்துக்கு 50 மி.கிராமைத் தாண்டாமல், ஈ.சி.ஜி.யையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே முடித்தோம். கரைசல் கடைசிவரை தெளிவாக இருந்தது. இப்போது ஃபெனிட்டாயின் என்றாலே தனிக் குழாய் கேட்டு வாங்கிவிடுகிறேன்.