படம் இடுப்பில் இருக்கிறது: சைக்கிளை வைத்து பேனிங் பழகலாம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போனால், திருவான்மியூர் தாண்டியதுமே கூட்டம் கூட்டமாக சைக்கிள்காரர்கள் கண்ணில் படுவார்கள். புதிதாகக் கேமரா வாங்கியவருக்குக் கை சும்மா இருக்குமா? நானும் ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, 1/1000 நொடியில் வைத்து எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படமெல்லாம் பளிச்சென்று ஷார்ப். ஆனால் ஒவ்வொருவரும் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, கீழே விழாமல் போஸ் கொடுக்கிற மாதிரி இருந்தார்கள். சக்கரத்துக் கம்பிகளை எண்ணிவிடலாம். வேகம்தான் காணோம்.

வேகம் தெரிய வேண்டுமானால் படத்தில் ஏதாவது ஒன்று கலங்கியாக வேண்டும். கேமராவை அசைக்காமல் பிடித்து ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் சைக்கிள் கலங்கும், சுற்றியிருப்பது தெளிவாக நிற்கும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பிரான்சின் இயேர் ஊரில் எடுத்த புகழ்பெற்ற படம் அந்த வகை. வளைந்த படிக்கட்டு துல்லியமாக இருக்கும், கீழே சைக்கிள்காரர் கலங்கலாகக் கடந்து போவார். பேனிங் இதற்கு நேர் எதிர். சைக்கிள் போகிற வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு எடுப்பது. ஆள் தெளிவாக இருப்பார், பின்னால் இருக்கிற மரமும் சுவரும் கோடு கோடாக இழுபடும்.

கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம். மணிக்கு 25 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். 1/1000 நொடியில் சைக்கிள் நகர்வது 7 மில்லிமீட்டர்தான். 1/30 நொடியில் 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குக் கேமரா பிசகாமல் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அதே நேரத்தில் சக்கரம் ஒன்பதில் ஒரு பங்கு சுற்றிவிடும். அதனால் கம்பிகள் பஞ்சு மாதிரி கரைந்து, நடுவில் இருக்கிற ஹப் மட்டும் தெளிவாக நிற்கும்.

எங்கே நிற்பது

ஈ.சி.ஆரில் காலை நேரம் என்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வெயில் உங்கள் பின்னாலிருந்து வந்து சைக்கிள்காரர் மேல் விழும். மாமல்லபுரம் நோக்கிப் போகிறவர்கள் உங்கள் பக்கத்து ஓரமாக, வலமிருந்து இடமாக வருவார்கள்.

ரோட்டோரத்தில் ஒட்டி நிற்காதீர்கள். பாதுகாப்புக்கும் ஆகாது, படத்துக்கும் ஆகாது. மிக அருகில் நின்றால் சைக்கிள் கடக்கும்போது அதன் கோணம் சட்டென மாறும். முன்சக்கரம் தெளிவாக இருந்தால் பின்சக்கரம் கலங்கியிருக்கும். சுமார் 8 மீட்டர் தள்ளி நின்று, கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் போதும். சைக்கிள் ஃபிரேமில் பாதி அகலத்துக்கு வரும், முன்னால் இடமும் மிஞ்சும். நடுவில் விளக்குக் கம்பமோ நிறுத்தி வைத்த பைக்கோ இல்லாத இடமாகப் பாருங்கள்.

பின்னணியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. வெள்ளை காம்பவுண்டு சுவரை எவ்வளவு இழுத்தாலும் வெள்ளைச் சுவர்தான். வெறும் வானமும் அப்படியே. கடை போர்டுகள், வண்ணச் சுவர், சவுக்கு மரங்களுக்கு நடுவே தெரியும் வெளிச்சம், இப்படிப் புள்ளியும் நிறமும் கலந்த இடம்தான் அழகாகக் கோடு போடும்.

கேமராவில்

ஷட்டர் ப்ரையாரிட்டி மோடுக்கு மாற்றுங்கள். ஷட்டரை நாம் வைப்போம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேனனில் டிவி (Tv) என்றும், நிக்கான், சோனியில் எஸ் என்றும் இருக்கும். 1/60-இல் ஆரம்பியுங்கள், கை பழகியதும் 1/30-க்கு இறங்கலாம். ஆட்டோ ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) அணைத்து 100 வையுங்கள். ஃபோகஸ், நகர்வதை விடாமல் தொடரும் ஏஐ சர்வோ அல்லது ஏஎஃப்-சி, நடுப்புள்ளி மட்டும். தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் பர்ஸ்ட் மோட். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசருக்கு மோட் 2 இருந்தால் அதுதான் பேனிங்குக்கானது. இல்லையென்றால், முதலில் அணைத்துவிட்டே பழகுங்கள்.

ஒரு சிக்கல் வரும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 16, ஷட்டர் 1/100 வைத்தால் வெளிச்சம் சரியாக இருக்கும். அங்கே 1/30 வேண்டுமென்றால் எஃப் 29 வரை மூட வேண்டும். பல லென்ஸ்கள் 22-லேயே நின்றுவிடும், படம் வெளுத்துப்போகும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்கலாம்தான். சீக்கிரம் எழுந்து போவது அதைவிட மலிவு.

மொபைலில் பழகுபவர்கள் ப்ரோ மோடில் ஷட்டரை 1/30 வையுங்கள். பெரும்பாலான மொபைல்களில் அபெர்ச்சர் மாறாது, பகலில் வெளுக்கும். சாயங்காலம் பாருங்கள்.

இடுப்பு

முதலில், சைக்கிள் உங்களுக்கு நேர் எதிரே வரும் இடத்தை முடிவு செய்யுங்கள். ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடோ ஒட்டுப்போட்ட தாரோ அடையாளம் இருக்கட்டும். இரண்டு பாதங்களும் அந்த இடத்தைப் பார்த்தபடி, தோள் அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டும். பாதத்தை அசைக்காமல் இடுப்புக்கு மேலே மட்டும் வலதுபக்கம் திரும்பி, வருகிற சைக்கிளை வ்யூஃபைண்டரில் பிடியுங்கள். அதாவது முதலில் உடம்பை முறுக்கிக்கொள்கிறோம், பிறகு முறுக்கு தானாக அவிழ்கிறது. இதை மாற்றி, ஆள் வரும் பக்கமே பாதத்தை வைத்து நின்றால், கிளிக் செய்கிற நேரத்தில் உடம்பு இறுகிப்போய் இழுக்கும். என் முதல் இருநூறு படங்கள் பாழானது இதனால்தான்.

முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். அவருடைய சட்டையில் ஓர் எழுத்தையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு, ஃபோகஸ் புள்ளி அதைவிட்டு நகராமல் கூடவே வாருங்கள். காலைப் பார்க்காதீர்கள். பெடல் மிதிக்கும் கால் எப்படியும் கலங்கும், கலங்கினால்தான் அழகு. நேர் எதிரே வருவதற்குச் சற்று முன்பே பட்டனை மெதுவாக அழுத்த ஆரம்பியுங்கள்.

அழுத்தியதும் நிற்கக் கூடாது. தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருங்கள். கிரிக்கெட்டில் பந்து போன பிறகும் மட்டை சுற்றிக்கொண்டு போய்த்தானே நிற்கும்? கிளிக் சத்தம் கேட்டதும் உடம்பு தன்னையறியாமல் பிரேக் போடும். அந்த பிரேக்தான் படத்தைக் கெடுக்கிறது.

தப்பு எங்கே என்று படமே சொல்லும்

எடுத்ததைப் பெரிதாக்கி, பின்னணியில் ஏதாவது ஒரு வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். விளக்கோ, கார் கண்ணாடியின் பளபளப்போ போதும். அது இழுபட்ட கோடுதான் உங்கள் கை போன பாதை. நேர்க்கோடாகப் படுத்திருந்தால் சபாஷ். ஒரு முனையில் வளைந்திருந்தால் பட்டனைக் குத்தியிருக்கிறீர்கள். கோடு நேராக இருந்தும் ஆள் கலங்கியிருந்தால், வேகம் ஒத்துப்போகவில்லை.

பழகுவதற்கு ஈ.சி.ஆர். வேண்டியதில்லை, தெருவே போதும். பக்கத்து வீட்டுப் பையன் எனக்காகப் பத்து ரவுண்டு அடித்தான். கூலி இரண்டு போண்டா. ஒரே ஆள், ஒரே வேகம், ஒரே இடம் என்பதால் கை சீக்கிரம் படிந்தது. இன்றைக்கும் நூறு எடுத்தால் ஐந்தோ ஆறோதான் எனக்குத் தேறும். மற்றதை வருத்தப்படாமல் அழித்துவிடுவேன்.

மெதுவாகப் போகும் சைக்கிளுக்கு ஷட்டரை இன்னும் குறைக்க வேண்டும். எங்கள் ஏரியாவில் எவர்சில்வர் கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வேகத்துக்கு 1/30 வைத்தால் பின்னணி அவ்வளவாக இழுபடாது. 1/15 வைத்து, மூன்று வாரம் முயன்று ஒன்று கிடைத்தது. கேமரா திரையில் அவரிடமே காட்டினேன். முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கி, கேனில் பெயின்ட்டால் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். “இஞ்சி டீ. அட, தெரியுதே சார்!”