சகஸ்ரநாமம் பிடிபட்ட விதம்

விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்ல ஆசை வந்தபோது சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. கடையில் வாங்கிய சின்னப் புத்தகத்தில் முதல் ஸ்லோகமே 'பூதபவ்யபவத்ப்ரபு:' என்று மூச்சுவிடாமல் ஓடியது. எங்கே பிரிப்பது, 'ப'வை எப்படி ஒலிப்பது என்று பிடிபடவே இல்லை.

முதலில் கைகொடுத்தது எண் போட்ட பதிப்பு. வடமொழியில் ப வரிசைக்கு நான்கு ஒலிகள். தமிழில் எழுத்து ஒன்றுதான். அதற்காக 2, 3, 4 என்று எழுத்தை ஒட்டிச் சிறிதாக எண் போட்டிருப்பார்கள். 'பூ⁴தப⁴வ்யப⁴வத்ப்ரபு⁴:' என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. 4 போட்ட இடமெல்லாம் 'அன்பு'வில் வரும் ப, மூச்சை அழுத்தி. 'ப்ர' மட்டும் 'கப்பல்' ப. கடைசிப் புள்ளிகளுக்கு 'ஹு' என்று லேசாக முடித்தால் போதும்.

அப்புறம் நாமாவளி. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அர்ச்சனைக்காக ஒவ்வொரு பெயரையும் பிரித்து 'நம:' சேர்த்திருக்கும்: விஶ்வஸ்மை நம:, விஷ்ணவே நம:, வஷட்காராய நம:, பூதபவ்யபவத்ப்ரபவே நம:. அந்த நீளமான சொல் முழுக்க ஒரே பெயர்! சென்றது, வருவது, இருப்பது மூன்றுக்கும் தலைவன். அது தெரிந்த அன்று சொல்லும்போது மனம் நெகிழ்ந்துவிட்டது.

ஸ்லோகத்தையும் நாமாவளியையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஸ்லோகம் போதும். ஒலிக்குச் சந்தேகம் வந்தால் பெருமாள் கோயில் பட்டரிடம் கேளுங்கள், சந்தோஷமாகத் திருத்துவார்.