ஸ்லாப்பில் ஒளிந்திருக்கும் கார்பன்: அடுக்குமாடிக்கு ஒரு கைக்கணக்கு

ஆள் குடியேறி ஏசி போடுவதற்கு முன்பே ஒரு கட்டடம் நிறைய கார்பனைக் காற்றில் விட்டிருக்கும். சிமென்ட், கம்பி செய்யும்போது வெளியேறியது அது. எம்பாடிட் கார்பன் என்பார்கள். முதல் கணக்குக்கு மென்பொருள் வேண்டாம், பி.ஓ.க்யூவும் (கட்டுமானப் பொருள் அளவுப் பட்டியல்) கால்குலேட்டரும் போதும்.

படி 1: ஒரே ஒரு தளத்தின் ஸ்லாப்பை (காங்கிரீட் தட்டு) எடுங்கள். 500 சதுர மீட்டர், 150 மி.மீ. கனம் என்றால் 75 கன மீட்டர் காங்கிரீட். கன மீட்டருக்கு 400 கிலோ ஓபிசி (வேறு எதுவும் கலக்காத சாதாரண சிமென்ட்) போட்டால் சிமென்ட் 30 டன். ஒரு டன் ஓபிசிக்குச் சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு; ஆக 27 டன். கம்பி 7.5 டன், டன்னுக்கு 2.3 என வைத்தால் இன்னொரு 17. இருபது மாடிக்கு ஸ்லாப் மட்டுமே 880 டன்!

படி 2: சிமென்ட்டை மாற்றும்முன் கனத்தைக் கேளுங்கள். தூண்களை நெருக்கி வைத்து 25 மி.மீ. குறைக்க முடிந்தால் தளத்துக்கு 5 டன் சிமென்ட் மிச்சம். ஆனால் தூண் எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் கீழ்த்தளக் கார் பார்க்கிங்தான் முடிவு செய்கிறது. அதனால் வரைபடம் முடிவாகும் முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் உட்காருங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

படி 3: சிமென்ட். இதன் கார்பனில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லிலிருந்தே வருவது. ஆலைக்கு சோலார் போட்டாலும் அது போகாது. அப்படி வெந்து வரும் கிளிங்கரை (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) குறைத்து, வேறு பொருளைக் கலப்பதே வழி. பிபிசி எனும் கலப்பு சிமென்ட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம், பிஎஸ்சி எனும் கசடு சிமென்ட்டில் இரும்பு உலைக் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம்.

எங்கே தொடங்குவது? ராஃப்ட்டில், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் அடித்தளக் காங்கிரீட்டில். அதன் மேல் முழுப் பாரம் ஏற மாதக்கணக்கில் ஆகும். 28 நாளுக்குப் பதில் 56 நாள் வலிமை போதுமா என டிசைனரைக் கேளுங்கள். கசடு கலந்தால் கனமான ராஃப்ட்டில் சூடும் குறையும். ஸ்லாப்பில் இதே பேச்சை எடுத்தால் சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) மேஸ்திரி சண்டைக்கு வருவார், அவர் பக்கமும் நியாயம் உண்டு: ஆரம்ப வலிமை மெதுவாகத்தான் ஏறும், பலகையைப் பிரிக்க நாளாகும். கலப்பு சிமென்ட்டுக்குக் கியூரிங்கும் (காங்கிரீட்டை ஈரமாக வைப்பது) ஐ.எஸ். 456 எனும் இந்தியக் காங்கிரீட் தரவிதிப்படி 7 நாள் அல்ல, குறைந்தது 10 நாள்.

படி 4: கம்பிக்கு ஆலையின் கார்பன் சான்றிதழைக் கேளுங்கள். பழைய இரும்பை உருக்கியது என்றால் பெரும்பாலும் குறைவு. உலைக்கு நிலக்கரி மின்சாரமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: கியூப் ரிஜிஸ்டரை (காங்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்த வலிமைப் பதிவேடு) திறங்கள். எம்30 ரகக் காங்கிரீட்டுக்கு இலக்கு வலிமை சதுர மி.மீ.க்குச் சுமார் 38 நியூட்டன். ரிசல்ட் தொடர்ந்து 48 வந்தால், பயத்துக்காகக் கூடுதல் சிமென்ட் போகிறது. ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச சிமென்ட் அளவுக்குக் கீழே போகாமல், ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் காங்கிரீட்) பிளான்ட்டிடம் புது மிக்ஸ் டிசைனுக்கு (கலவை விகிதம்) டிரையல் போடச் சொல்லுங்கள்.