வெளிநாட்டில் போன் செலவைக் குறைக்க: கிளம்பும் முன் ஒரு அரை மணி நேரம்

விமானம் இறங்கியதும் போனை ஆன் செய்து "வந்து சேர்ந்துட்டேன்" என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான். அந்த ஒரு அழைப்புக்குப் பெரிய தொகை போகாமல் இருக்க வேண்டுமானால், வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

1. போனைச் சோதியுங்கள்

*#06# என்று டயல் செய்யுங்கள். ஐஎம்இஐ எண்களோடு (போனின் அடையாள எண்கள்) ஈஐடி என்ற 32 இலக்க எண்ணும் வந்தால், உங்கள் போன் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) ஏற்கும். அப்புறம், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிக்னல் வரவில்லை என்றால் போன் ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டிருக்கலாம். விற்றவர்களிடம் கேட்டு இப்போதே திறந்துகொள்ளுங்கள்.

2. அழைப்புத் திருப்பலை நிறுத்துங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன். ஒரு பயணத்தில் நான் எடுக்கவே எடுக்காத அழைப்புகளுக்குக் கட்டணம் வந்தது. விசாரித்தபோதுதான் புரிந்தது. ரோமிங்கில், அதாவது நம் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்தும்போது, யாராவது அழைத்தால் அந்த அழைப்பு முதலில் நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வருகிறது. நீங்கள் எடுக்காவிட்டால் அங்கிருந்து மறுபடி சொந்த நாட்டிலுள்ள வாய்ஸ்மெயிலுக்கு (அழைப்பவரின் செய்தியைப் பதிவு செய்யும் சேவை) திரும்புகிறது. இதுதான் அழைப்புத் திருப்பல். வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம்!

பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகிவிடும். கிளம்பும் முன்பே செய்யுங்கள்.

3. டேட்டாவுக்குத் தனி சிம்

போகும் நாட்டின் சிம் வாங்கலாம், அல்லது பயண இ-சிம் வாங்கலாம். சில நாள் பயணத்துக்கு இ-சிம்தான் என் தேர்வு. வீட்டு வைஃபையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து நிறுவிக்கொள்ளுங்கள். பல இ-சிம்களில் அந்தக் கோடு ஒரு முறைதான் வேலை செய்யும், அதனால் நிறுவியதைத் தெரியாமல் அழித்துவிடாதீர்கள். இவற்றில் பலவற்றுக்குப் போன் எண் கிடையாது, டேட்டா மட்டும்தான். அது போதும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் சிம் வாங்கினால் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் வழக்கமான பயணத்துக்குக் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை. 2017 ஜூன் 15 முதல் இதுதான் விதி. ஆனால் சுவிட்சர்லாந்து இதில் சேராது. எல்லையோரம் போகும்போது போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கலாம், கவனம்.

4. இரண்டு சிம்மையும் பிரித்து வையுங்கள்

பழைய சிம்மை அணைக்க வேண்டாம், வங்கி ஓடிபி அதில்தான் வரும். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணையுங்கள். டேட்டாவுக்குப் புது சிம்மைத் தேர்ந்தெடுங்கள். தேவைப்பட்டால் தானாக மற்ற சிம்மின் டேட்டாவுக்கு மாறும் வசதி பல போன்களில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் பழைய எண்ணே இருக்கட்டும்.

5. பேசுங்கள்

வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு அதிக டேட்டா எடுக்காது, வீடியோதான் விழுங்கும். அமைப்புகளில் "அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். சீனாவில் வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகத்தில் அதன் அழைப்புகளுக்குத் தடை உண்டு. அங்கே போகிறவர்கள் எந்தச் செயலி வேலை செய்யும் என்று முன்பே விசாரித்து, வீட்டாரின் போனிலும் அதைப் போட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவரிடம் ஸ்மார்ட்போன் இல்லையா? வைபர் அவுட் போன்ற சேவையில் சிறிது பணம் போட்டு லேண்ட்லைனுக்கே பேசலாம். முன்பு இதற்குப் பலர் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. எண்ணை + அடையாளம், நாட்டுக் குறியீடு என்று தொடங்கிச் சேமியுங்கள். 0 விசையை அழுத்திப் பிடித்தால் + வரும். எண்ணின் முன்னால் இருக்கும் 0-வை விட்டுவிடுங்கள், இத்தாலி லேண்ட்லைன் போன்ற சில எண்கள் விலக்கு.

6. கடலிலும் வானிலும்

கப்பலிலும் விமானத்திலும் வரும் மொபைல் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக வருவது, கட்டணம் மிக அதிகம். ஏறியதும் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். வைஃபை வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம்.