மெமரி, லைன், ஃபாண்ட்: யாங்கோன் கடைகளில் நாம் மாற்றிச் சொல்லும் கம்ப்யூட்டர் சொற்கள்

பர்மாவில் நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கைக்கு வந்தது போன். யானை விலை விற்ற சிம் கார்டு, 2014-இல் புதிய கம்பெனிகள் வந்ததும் 1,500 கியாட்டுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு போன் கடை. அந்தக் கடைகளில் காதில் விழுந்த சொற்களையே கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போனில் எப்படியோ ஒப்பேறிவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகும்போதுதான் அது காசைக் கரைக்கிறது.

முதலில் 'மெமரி'. நம் ஊரில் மெமரி என்றால் போனில் செருகும் நகத்தளவு கார்டு, அதாவது படமும் பாட்டும் வைக்கும் இடம். அதே நினைப்பில் கம்ப்யூட்டர் கடையில் போய், "தம்பி, மெமரி பத்தல, கூட்டிப் போட்டுக் குடு" என்பார் ஒரு அண்ணன். அந்தத் தம்பிக்கு மெமரி என்றால் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். இருக்கிற 4 ஜிபிக்குப் பக்கத்தில் இன்னொரு 4 ஜிபியைச் செருகிக் காசை வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து பார்த்தால் படமும் பாட்டும் இருக்கும் டிஸ்க், அதாவது சி டிரைவ், முன்புபோலவே இடம் நிரம்பிச் சிவப்பாக நிற்கும். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் கொடுத்தார்.

ரேமுக்கும் டிஸ்குக்கும் உள்ள வித்தியாசத்தை யாங்கோன் கரண்ட்டே கற்றுக்கொடுக்கும். கோயில் திருவிழா நோட்டீஸை வேர்டில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கரண்ட் போகிறது. கடைசியாக சேவ் கொடுத்த வரைக்கும் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் ரேமில் மட்டும்தான் இருந்தது. கரண்ட் நின்ற நொடியில் ரேம் வெறுமையாகிவிடும். வேர்டு தானாகவே 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்துவைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி சேவ் கொடுக்காமல் இருக்கக் கூடாது. ஒன்பது நிமிட வேலை போனாலும் போனதுதான். "வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட சில இன்வெர்ட்டர்கள் மாறுகிற அந்தக் கண நேரத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதற்குத்தான் யூபிஎஸ், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணையவிடாமல் தாங்கும் பேட்டரிப் பெட்டி.

கடையில் எப்படிச் சொல்வது? பெயரை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லுங்கள். "நாலஞ்சு வேலையைத் திறந்தா இழுக்குது" என்றால் அவர் ரேமைப் பார்ப்பார். "இடமில்லன்னு காட்டுது, படம் ஏற மாட்டேங்குது" என்றால் டிஸ்கைப் பார்ப்பார். இன்னொன்று: 128 ஜிபி வாங்கினேன், விண்டோஸ் 119 என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆகக் கணக்கிடுகிறது. சரக்கு ஒன்றுதான்.

'லைன் இல்லை' என்பது அடுத்தது. இதற்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வைஃபை என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவே உள்ள இணைப்பு மட்டுமே. அதற்கு அப்பால் ரூட்டரிலிருந்து லைன் தரும் கம்பெனி வழியாக வெளியே போவதுதான் இன்டர்நெட். வைஃபை கோடு முழுசாக நின்று, ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பழுது இல்லை, கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும். மூன்றாவது, காசு தீர்ந்த டேட்டா. அதைச் சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் பழக்கம். ஃபேஸ்புக் வரவில்லை என்பதை வைத்து மட்டும் லைனைச் சோதிக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் அதை இங்கே அடைத்துவிட்டார்கள். லைன் தங்கமாக இருந்தாலும் அது நேராகத் திறக்காது.

இனி ஃபாண்ட். இதில்தான் குழப்பம் அதிகம். பர்மிய எழுத்து கோணல்மாணலாக வந்தால் உடனே, "சயா, ஃபாண்ட் போட்டுக் குடுங்க" என்கிறோம். ஃபாண்ட் என்பது எழுத்தின் உருவம் மட்டும். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பர்மிய எழுத்துக்கு எண் வைக்க இரண்டு முறைகள்: இங்கே பரவிய பழைய முறை ஸோஜி, உலகத்துக்கே பொதுவானது யூனிகோடு. அவற்றின் தகராறு அந்த எண்ணில் இருக்கிறது. இரண்டும் ஒரே எண் பகுதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஆனால் பல எண்களுக்கு வேறுவேறு எழுத்தை வைத்துக்கொண்டு. மோன், ஷான் எழுத்துகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய எண்களில்கூட ஸோஜி பர்மிய எழுத்தின் துண்டுகளை வைத்துவிட்டது. மோன் மக்கள் வாழும் மோல்மேன் பக்கம் இருப்பவர்கள் மோன் நோட்டீஸை ஸோஜி போனில் திறந்து பார்த்திருந்தால் தெரியும்.

வரிசையும் வேறு. தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். யூனிகோடு சேமிப்பதோ ககரத்தை முதலில், கொம்பைப் பிறகு. பர்மியத்திலும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஒரு குறி உண்டு. யூனிகோடு அதையும் எழுத்துக்குப் பிறகுதான் வைக்கும். ஸோஜி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வைக்கும். ஆக, எத்தனை ஃபாண்ட் போட்டாலும் இது நேராகாது, கன்வெர்ட்டரில் போட்டு மாற்றத்தான் வேண்டும். 2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாக அரசு அறிவித்தது. பழைய கோப்புகள் அதற்காகத் தாமாக மாறிவிடவில்லை.

திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெறும் கட்டம் கட்டமாக வந்தால் ஃபாண்ட் இல்லை என்று பொருள், போட்டால் சரியாகும். எழுத்து இருக்கிறது, ஆனால் இடம் மாறி, நடுநடுவே புள்ளி வட்டம் தெரிகிறது என்றால் எண் பிரச்சினை. தமிழ்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறதா? அது பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்தது. அங்கே மட்டும் அதே ஃபாண்டைப் போட்டால் தமிழ் தெரியும். கீபோர்டு வேறு சமாச்சாரம். அது அடிப்பதற்கு, படிப்பதற்கு அல்ல. ஒரே ஒரு பழைய கோப்பைப் படிக்க வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டர் முழுக்க ஸோஜிக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் புதிதாக வருவதெல்லாம் கோணலாகும்.

சின்னச் சின்னதாகச் சில. பெட்டி முழுவதையும் சிபியு என்கிறோம், அது உள்ளே இருக்கும் ஒரு சில்லு. "சிபியு போச்சு" என்று சொன்னால் பெரிய பில்லுக்கு நாமே வழி விடுகிறோம். ஷட் டவுன் கொடுத்துத் திரும்பப் போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட் டவுனில் கொஞ்சம் பழையதை டிஸ்கில் வைத்துக்கொண்டுதான் தூங்கும். ஏதாவது மக்கர் செய்தால் ரீஸ்டார்ட்டையே அழுத்துங்கள்.

கடைசியில் கணக்கு, அதாவது அக்கவுண்ட். ஆப்பை அழித்தால் அக்கவுண்டும் அழிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆப் கதவு மாதிரி, எடுத்தாலும் உள்ளே உள்ளது அங்கேயே இருக்கும். இதைவிட ஆபத்து, போன் வாங்கும்போது கடைத் தம்பியே ஏதோ ஒரு ஜிமெயிலைத் திறந்து கொடுத்திருப்பார், நமக்கு அதன் பெயரும் தெரியாது. பிறகு ஸ்க்ரீன் பூட்டு மறந்துபோய், "ஃபார்மட் போட்டுக் குடு" என்று போனைக் கொடுக்கிறோம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், அப்படி அழித்த போன் திறக்கும்போது பழைய கூகுள் அக்கவுண்டைக் கேட்கும். தெரியாவிட்டால் சொந்தப் போனிலேயே நுழைய முடியாது. இன்றைக்கே செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதைத் தட்டிப் பாருங்கள், உங்கள் ஜிமெயில் முகவரி தெரியும், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் போன் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பூட்டு விழுந்த பிறகு அந்தத் தம்பியைத் தேடிப்போனால், அவர் வேறு கடைக்கு மாறியிருப்பார்.